நீலச் சொட்டு நகர்ந்த கதை

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஓவியத்துக்கு மிக அருகில் போய் நின்றாள். மூக்கு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் கேன்வாஸில் இடித்திருக்கும்.

"தோ கீது பாருடி, நம்ம கொடம்!" என்று விரலை நீட்டினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து அதை ஓவியக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி மெல்லப் பேசுவார்கள். அம்மாவுக்கோ ஸ்ரீராம்புரம் குழாயடியில் உரம் ஏறிய தொண்டை.

காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து, "முட்டபேடி அம்மா" என்றார். தொடாதீர்கள் என்று அர்த்தம். அம்மா ஒரு நொடி தயங்காமல் கன்னடத்துக்கு மாறினாள்.

"நானெல்லம்மா முட்டிதெ? நம்ம பிந்திகெ இது. நோட்தா இதீனி."

நான் எங்கே தொட்டேன், எங்கள் குடம் இது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா சொன்னதும், பாவம், அந்தப் பெண்ணும் குனிந்து குடத்தைத் தேட ஆரம்பித்தார். அவருக்கு எப்படிக் கிடைக்கும்? அந்த ஓவியத்தில் குடம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. சுவர் முழுக்க நீளும் கேன்வாஸ். அதில் சாம்பலும் வெளிறிய நீலமுமாக, தண்ணீர் தேங்கிக் காய்ந்த தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று. அவற்றின் மேல் இடமிருந்து வலமாகக் கோணல்மாணலாகப் போகும் வண்ணச் சொட்டுகள். அவ்வளவுதான்.

வரைந்தது நான். வாழ்நாளில் பாதியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வாத்து என்று சொல்லிக்கொடுத்தே கழித்த ஓவிய ஆசிரியை. பல பேர் சேர்ந்து வைத்த கண்காட்சியில் எனக்கென்று ஒரு சுவர் கிடைத்திருந்தது. ஓவியத்துக்குப் பெயர் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் பக்கத்தில் 'பெயரிடப்படாதது' என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள்.

"இன்னாத்துக்கு பேர் இல்லைன்னு எழுதி கீறாங்க? இத்தினி பேர் நிக்கறாங்களே!" என்றாள் அம்மா.

குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி

இந்தத் தொடரில் ஸ்ரீராம்புரத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டேன். குழாயைப் பற்றி மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் போகப் போகத் தெரியும்.

எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே குழாய். கன்னடத்தில் நல்லி. எங்கள் தமிழ் வீடுகளிலும் அது நல்லிதான். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். சில சமயம் அதையும் மறந்துவிடும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக நாள் முழுக்க யார் நிற்பது? அதனால் குடங்கள் நின்றன. ஆள் சமைக்கலாம், தூங்கலாம், பக்கத்து வீட்டோடு சண்டை போடலாம். வரிசையில் குடம் இருந்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு.

குழாய் உஸ்ஸென்று மூச்சு விடும் சத்தத்தை முதலில் கேட்டவர் "நீரு பந்து!" என்று கத்த வேண்டும். தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். தமிழரோ, தெலுங்கரோ, உருது பேசுகிறவரோ, அந்தக் கத்தல் மட்டும் எல்லோருக்கும் கன்னடத்தில்தான். சந்தே ஓடி வரும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நிற்கும் குடத்துக்காரி வராவிட்டால், அவளுக்கு அடுத்து நிற்பவள் அந்தக் குடத்தை முதலில் நிரப்பி ஓரமாக வைக்க வேண்டும். அதன் பிறகுதான் தன் குடத்தை வைக்கலாம். யார் இந்தச் சட்டம் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் அதை மீறியவளோடு ஒரு வாரத்துக்கு யாரும் பேச மாட்டார்கள்.

பித்தளைக் குடம் இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நசுங்கல், ஒரு அடையாளம் இருந்தது. பிளாஸ்டிக் குடம் வந்ததும் கலாட்டா ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே நிறக் குடம். எது யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

அப்போதுதான் அப்பாவின் பெயின்ட் உதவிக்கு வந்தது. பீன்யாவில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் அப்பா பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார். டப்பா அடியில் மிஞ்சும் எனாமலை மருந்து பாட்டில்களில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார். கிரேனுக்கு அடிக்கும் மஞ்சள், லேத்துக்கு அடிக்கும் பச்சை, மோட்டாருக்கு அடிக்கும் நீலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தீக்குச்சியில் துணி சுற்றி, குடத்தின் தோளில் நான்தான் அடையாளம் வைப்பேன். என் முதல் ரசிகைகள் அவர்கள். ரசிகைகள் என்றால் சும்மா இல்லை. எதிர்வீட்டு நாகம்மா தனக்குப் பச்சைக் கிளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வரைந்தேன். பார்த்துவிட்டு, "பீர்க்கங்காய் நல்லா வந்துக்கீது" என்றாள். அன்றோடு உருவம் வரைவதை விட்டேன். ஆளுக்கு ஒரு நிறம், பெரிய பொட்டு. நாகம்மா பச்சை. நாங்கள் மஞ்சள். எங்களுக்கு முன்னால் எப்போதும் நிற்கும் ஆரோக்கியம் அத்தை நீலம்.

"மாதா போத்தியிருக்கற போர்வை இருக்குதே, அந்த நீலம் வைடி தேவி" என்று கேட்டு வாங்கிய நீலம் அது.

ஒரே முறத்தில் இரண்டு வீட்டுக் கீரை

ஆரோக்கியம் அத்தை உறவுக்காரி இல்லை. பக்கத்து வீடு. ஆனால் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள்கூட அவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க மாட்டாள். குழாயடியில் இரண்டு பேரும் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, ஒரே முறத்தில் இரண்டு வீட்டுக் கீரையையும் கலந்து ஆய்வார்கள். பிறகு எது யாருடைய கீரை என்று கேட்காமல் ஆளுக்குப் பாதி அள்ளிக்கொண்டு போவார்கள். எனக்குத் தலை பின்னிவிடுவது அத்தைதான். அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும். அத்தை பின்னினால் தூக்கம் வரும்.

அத்தை வேலையாகப் போனால் அம்மா நீலக் குடத்தை நிரப்புவாள். அம்மாவுக்கு முடியாத நாளில் அத்தை மஞ்சள் குடத்தை நிரப்பி, எங்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள். அடுத்தவள் நிரப்புவாளா என்று இரண்டு பேரும் கவலைப்பட்டதே இல்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

அத்தையின் பெரிய மகள் பிலோமினாவை அன்று பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நாலைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. அத்தை வீட்டு டிரம்மில் தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. அத்தை நீலக் குடத்தை வரிசையில் முதலாவதாக வைத்தாள். "சரசு, பாத்துக்கோடி, பூ வாங்கிட்டு ஓடியாந்துடறேன்" என்று மல்லேஸ்வரம் போனாள். சரசு என்பது அம்மா.

நான் பள்ளியில் இருந்தேன். அதனால் நடந்ததை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பார்த்தது இவ்வளவுதான். குழாய் நின்றுவிட்டிருந்தது. எங்கள் மஞ்சள் குடம் நிரம்பி நின்றது. அத்தையின் நீலக் குடம் காலியாக, மோரி ஓரம், அதாவது சாக்கடை ஓரம், குப்புறக் கிடந்தது. அத்தை மடியில் பூப்பொட்டலத்தோடு நடுச்சந்தில் நின்றிருந்தாள்.

"ஏன்டி சரசு, என் குடத்த நகர்த்தி வெச்சிட்டு உன்னுத புடிச்சிக்கினியா?"

"மாதா மேல ஆணையா நான் நகர்த்தல ஆரோக்கியம். தண்ணி பந்துன்னதும் உள்ள இருந்து ஓடியாந்தேன். எல்லாரும் தள்றாங்க. மொத தண்ணி வேகமா அடிச்சி கீழ எல்லாம் ஓடிச்சி. உன் குடத்த அதுதான் இழுத்துக்கினு போச்சி. நான் குனிஞ்சி பாக்கறதுக்குள்ள என் குடம் நல்லிக்கு அடியில இருந்துச்சி."

"வந்ததே விரல் மொத்தம்தான்னு சொல்றாங்க. அது குடத்த இழுத்துக்கினு போச்சா?"

"மொதல்ல வேகமா வந்துச்சி. அப்பறம்தான் கொறஞ்சிச்சி."

யாராவது பார்த்தார்களா என்றால் ஒருவரும் இல்லை. அவரவர் குடத்தைத்தான் அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மா வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினாள்.

அம்மா தன் குடத்தைத் தூக்கி அத்தை வாசலில் வைத்தாள். அத்தை அதைக் காலால் தள்ளிவிடவில்லை. தொடவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அடுத்த சந்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் காப்பி போட்டாள் அத்தை. கை கழுவத் தண்ணீர் இல்லை. வந்தவர்களில் ஒரு அம்மாள் ஏதோ முணுமுணுத்தாளாம். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஜீவனஹள்ளிக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றும் சத்தம் கேட்டபோது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வண்டி சந்து முனை திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

"ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு வா. முடிஞ்சி போச்சு" என்றார் அப்பா.

"செய்யாததுக்கு மன்னிப்பு கேட்டா, செஞ்சதா ஆயிடும்" என்றாள் அம்மா. சின்ன வயதில் இது எனக்கு வெறும் வீம்பாகத் தெரிந்தது. என் தலையைப் பின்னிவிட ஆள் இல்லாத கோபம் வேறு.

நான் வரைவதில்லை, ஊற்றுகிறேன்

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. சந்தில் குழாயும் இல்லை. கான்கிரீட் போட்டபோது பிடுங்கி எறிந்தார்கள். இப்போது வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது. கோடையில் லாரி வருகிறது. நானும் அம்மாவும் அதே வீட்டில் இருக்கிறோம். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மலையும் வாத்தும் இல்லாத ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. மொட்டைமாடியில் இருக்கும் அறையில் கேன்வாஸைத் தரையில் விரித்தேன். அதன் மேல் தண்ணீரைப் பரப்பினேன். அப்பா வைத்திருந்த மாதிரியே எனாமல் வாங்கி வந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். எனாமல் எண்ணெய்ப் பெயின்ட். தண்ணீரில் கரையாது, மிதக்கும். தண்ணீர் எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். தண்ணீர் வற்றியதும் எங்கே நின்றதோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இதில் என் வேலை ஊற்றுவது மட்டும். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

குழாயடி வரிசையைத்தான் நினைத்துக்கொண்டு ஊற்றினேன். பச்சை, சிவப்பு, மஞ்சள், அதற்கு முன்னால் நீலம். பல நாள், பல அடுக்கு. கடைசி அடுக்கு ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மற்ற சொட்டுகள் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தன. நீலம் மட்டும் வரிசையை விட்டு விலகி, கேன்வாஸின் கீழ் மூலைக்குப் போய்த் தனியாக நின்றது.

அழித்துவிட்டு மறுபடி செய்திருக்கலாம். ஆனால் பார்த்த உடனே இதுதான் சரி என்று தோன்றிவிட்டது. ஏன் சரி என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படியே சட்டம் போட அனுப்பினேன். மாடி ஏற முழங்கால் விடாததால் அம்மா அதைப் பார்த்திருக்கவில்லை. முதன்முதலில் பார்த்தது அந்தக் கூடத்தில்தான்.

"நீயுமாடி?"

அம்மா இடமிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இவ நாகம்மா. இந்த செவப்பு பட்டாணி கடைக்காரி. தோ நம்ம மஞ்சள். நமக்கு முன்னால..."

விரல் நின்றது. மஞ்சளுக்கு முன்னால் வெறும் சாம்பல் தடம்தான் இருந்தது.

"ஆரோக்கியம் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் மூலைக்குப் போய்விட்டது. அம்மா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். இந்த முறை துடைக்கவில்லை.

"ஓரமா தள்ளி வெச்சிக்கீறே" என்றாள். முதல்முறையாக அந்தக் கூடத்துக்குத் தகுந்த சின்னக் குரலில். "மோரி ஓரமா. நீயுமாடி? இத்தினி வருசமும் என் கூடவே இருந்துகினு, நான்தான் நகர்த்துனேன்னு நெனச்சிகினு இருந்தியா?"

என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும் போலிருந்தது. அம்மா திரும்பி வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். பங்களா வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் பூ உதிர்ந்து படியெல்லாம் கிடந்தது. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் வைக்கலம்மா" என்றேன். "சத்தியமா நான் தொடவே இல்ல. வரிசையிலதான் வெச்சேன். தண்ணி ஊத்துனேன். அதுவா இழுத்துக்கினு போயிடுச்சி."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே காதில் விழுந்தது. அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொருக்கா சொல்லு."

"தண்ணிதாம்மா இழுத்துக்கினு போச்சி."

"மத்தது எல்லாம் அங்கயே நின்னுச்சா?"

"நின்னுச்சி."

"அது மட்டும் போச்சா?"

"அது மட்டும்தான்."

அம்மா எழுந்து புடவையில் ஒட்டிய பூவைத் தட்டினாள். "ஆட்டோ புடி. வீட்டுக்கு போயி எனக்கு அத செஞ்சி காட்டு."

சமையலறைத் தரையில் எங்கள் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்தேன். கொஞ்சம் தண்ணீர், மூன்று சொட்டு எனாமல். ஒரு முனையிலிருந்து டம்ளரால் தண்ணீர் ஊற்றினேன். நீலம் மஞ்சளை விட்டுப் பிரிந்து நழுவி விளிம்புக்குப் போனது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொட்டு நகர்ந்தது. நீலம் நகர்ந்தபோதெல்லாம் "ஆங்" என்றாள். மற்றது நகர்ந்தபோது கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"ஜீவனஹள்ளி போறோம். பெயின்ட எடுத்துக்கோ."

"அவங்க வீடு எங்கன்னு யாருக்கும்மா தெரியும்?"

"எனக்கு தெரியும். சின்ன சர்ச்சுக்கு பின்னால, ரயில் ரோட்டு பக்கம்."

வருடா வருடம் செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு அம்மா தவறாமல் போவாள். பெங்களூர்த் தமிழர்களில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் போகிற திருவிழா அது. அதனால் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ஆட்டோவில்தான் விஷயம் வெளியே வந்தது. கூட்டத்தில் அத்தையைப் பார்க்கத்தான் போவாளாம். பார்த்ததும் மெழுகுவத்திக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். ஒரு வருடம் பின்னாலேயே போய் வீட்டையும் பார்த்து வைத்திருக்கிறாள்.

"நம்ம தட்ட எடுத்துக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம். நம்ம தட்டுல எதுனா பண்ணி வெச்சிட்டோம்னு சொல்லுவா. அவ வீட்டு தட்டுலயே காட்டணும்."

ஜீவனஹள்ளி

கதவைத் திறந்தது அத்தையேதான். ஒரு காலத்தில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. இப்போது பாதியாக வற்றி, கையில் ஒரு தடியோடு நின்றாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, "யாரு?" என்றாள்.

அம்மா பெயர் சொல்லவில்லை. சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"வீட்ல தாம்பாளம் கீதா?" என்றாள்.

அத்தையின் தடி தரையில் ஒருமுறை தட்டியது. "சரசுவா?"

"தாம்பாளம் கீதான்னு கேட்டேன்."

"இருக்கு. உள்ள வா."

அத்தை எதற்கு என்று கேட்கவே இல்லை. சமையலறைக்குப் போய்ப் பெரிய தாம்பாளமும், ஒரு சொம்பில் தண்ணீரும் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவரில் மாதா படம், அதன் கீழே பிலோமினாவின் குடும்பப் படம்.

நான் தண்ணீர் தெளித்து, சொட்டுகளை வைத்தேன். அம்மா வக்கீல் மாதிரி எழுந்து நின்றாள்.

"இதான் நல்லி. இது நீ. இது நான். இது நாகம்மா. நான் கை கட்டிகினு நிக்கறேன், பாத்துக்கோ. இப்ப தண்ணி பந்து."

சொம்பைச் சாய்த்தாள். பச்சை ஆடி அசைந்து விளிம்புக்குப் போனது. மஞ்சள் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. நீலம் அசையவே இல்லை. நான் வைத்த இடத்தில் தட்டு காய்ந்திருந்திருக்க வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்மா இன்னும் ஊற்றினாள். நீலத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. நீலம் நின்றது.

அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அப்பா போன அன்றுகூட இல்லை. "வேற சொட்டு வைக்கறேன் அத்த, இது சரியா விழல" என்று பாட்டிலைத் திறக்கப் போனேன்.

"விடு தேவி" என்றாள் அத்தை. பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அன்னிக்கி வந்தானே அந்தப் பையன், அவன் கதை தெரியுமா உனக்கு? குடிச்சே வேலையும் போச்சு, கட்டினவளும் போயிட்டா. பிலோமினா இப்ப ராணி மாதிரி இருக்கா. அன்னிக்கி தண்ணி இல்லாம போனதுதான் எம் பொண்ணக் காப்பாத்துச்சு. நீ நகர்த்தி இருந்தா உனக்குத்தான்டி நான் மெழுகுவத்தி கொளுத்தணும்."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் புண்ணியத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருப்பார்கள்.

"நான் நகர்த்தல" என்றாள் அம்மா.

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத. நம்பு."

அத்தை தடியை மேசையில் சாய்த்து வைத்தாள். வெளியே ஒரு ரயில் போனது. மேசை மேல் இருந்த தண்ணீர் நடுங்கியது.

"நம்பாமத்தான் வருசா வருசம் கூட்டத்துல உன்னைத் தேடறேனா? மெழுகுவத்திக் கடைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டா எனக்குத் தெரியாதா? நீயா வருவேன்னு பாத்தேன். நீ வரல. எனக்கும் வீம்பு, நானும் வரல."

அம்மா குனிந்து நீலச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் இடது கை மேசையோரம் மெல்ல ஊர்ந்து போனது. தாம்பாளத்தின் அடியில் விரலைக் கொடுத்து ஒரு பக்கம் லேசாகத் தூக்கினாள். தண்ணீர் முழுக்க ஒரு பக்கமாகப் புரண்டது. நீலம் பிடி விட்டுச் சறுக்கிக்கொண்டு ஓடியது.

"போச்சி பாத்தியா!" என்று கத்தினாள் அம்மா. "தண்ணி இழுத்துகினு போச்சி பாத்தியா!"

அத்தை சொட்டைப் பார்க்கவில்லை. தட்டுக்கு அடியில் இருந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஏன்டி சரசு," என்றாள் அத்தை, "இப்ப நகர்த்துனது யாரு?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். அதை எடுத்து ஒளித்துக்கொள்ளவும் தோன்றவில்லை அவளுக்கு. முதலில் அத்தைக்குத்தான் சிரிப்பு வந்தது, உடம்பெல்லாம் குலுங்குகிற பழைய சிரிப்பு. அம்மாவின் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி.

"நான்தான்டி" என்றாள்.

அத்தை அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். தாம்பாளம் சாய்ந்து தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. ரொம்ப நேரம் யாரும் அதைத் துடைக்கவில்லை.